டிராக்டர் கொட்டகைக்கு எத்தனை அடி உயரம்?

பட்டுக்கோட்டைப் பக்கம் அந்த விவசாயி வீட்டில் கொட்டகை என்று பேச்சை எடுத்தாலே கஜா புயல்தான் முதலில் வரும். 2018 நவம்பர் 16 அன்று விடிவதற்குள் தென்னைகளோடு டிராக்டர் கொட்டகையும் போனது. ஒரு தகரம் மூன்று வயல் தள்ளிக் கிடந்தது. மறுபடி கொட்டகை போடும்போது அவர் பிடிவாதமாக நின்றார். "உயரமாப் போட்டாத்தானே காத்து தூக்கும்? எட்டடி போதும்." டிராக்டரின் புகைக்குழாய் உச்சி ஏழரை அடி. அரை அடி மிச்சம் இருக்கிறதே என்று அவர் கணக்கு.

அந்த அரை அடி நிலைக்கவில்லை. அவர் அளந்தது மண் தரையிலிருந்து. சேறாகிறதே என்று பிறகு கிராவல் அடித்ததில் தரை நாலு அங்குலம் ஏறியது. தகரத்தைத் தாங்கும் குறுக்குக் குழாய் இரண்டு அங்குலம் கீழே இறங்கி இருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. புகைக்குழாய் உரசிக்கொண்டேதான் உள்ளே போனது. வெயிலுக்கு என்று வண்டிக்கு டாப் போட்டதும் அதுவும் நின்றது. கொட்டகையில் நிறுத்த வேண்டுமானால் டாப்பைக் கழற்ற வேண்டும். கொஞ்ச நாள் கழற்றி மாட்டிப் பார்த்தார், அப்புறம் வண்டி வெளியிலேயே நின்றது.

இதையும் அவர் பொறுத்திருப்பார். தை கடைசியில் அறுவடை முடிந்து, மறுநாள் கொள்முதல் நிலையத்துக்குப் போக வேண்டிய நெல் மூட்டைகள் டிரெய்லரில் அடுக்கியிருந்தன. ஐந்து வரிசை, தரையிலிருந்து ஒன்பது அடி. இரவில் பருவம் தப்பிய மழை. டிரெய்லர் உள்ளே நுழையவில்லை. வீட்டிலிருந்த தார்ப்பாய் பாதிக்குத்தான் எட்டியது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தானே நெல்லை எடுப்பார்கள்? நனைந்த மூட்டைகளைப் பிரித்துக் களத்தில் கொட்டி, நாலு நாள் கிளறிக் காய வைத்தது அவர் மனைவிதான். ஐந்தாம் நாள் சொன்னார்: "ஏங்க, புயல் என்னிக்கோ ஒருநாள் வரும். மழை வருசா வருசம் வருதே."

வெல்டிங் பட்டறைக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர், "பதினாலு அடி தூக்கிடலாம்ணே, அறுவடை மிஷினே நிக்கும்" என்றார். வாடகைக்கு வந்து போகிற இயந்திரத்துக்கு நம் வீட்டில் கூரை எதற்கு? நியாயமான கேள்வியைத்தான் விவசாயி கேட்டார். உயரம் கூடக்கூடக் காற்று பிடிக்கும், சாரலும் உள்ளே அடிக்கும்.

இந்த முறை வண்டியை வைத்தே அளந்தார்கள். மூட்டை ஏற்றிய டிரெய்லர் பக்கத்தில் மூங்கிலை நட்டுக் கோடு போட்டார்கள். டாப்போடு டிராக்டர் எட்டரை அடி. தலைப்பக்கமாக ஓட்டி நுழைந்தால் டிராக்டர் உள்ளே போய்விடும், பாரமுள்ள டிரெய்லர் வாசல் பக்கம் நிற்கும். அதனால் வாசலில் பதினொன்றரை அடி, பின்னால் ஒன்பதரை. நீளம் இருபத்துநாலு அடி என்பதால் தண்ணீர் பின்பக்கம் வடியச் சாய்வும் கிடைத்தது. எல்லா அளவும் கிராவல் தரையிலிருந்து குறுக்குக் குழாயின் அடிவரை.

காற்றுக்கு அஞ்சி உயரத்தில் மிச்சம் பிடித்தவர், இப்போது செலவை மண்ணுக்குள் போட்டார். ஒவ்வொரு காலுக்கும் மூன்றடிக் குழி, கான்கிரீட். தகரத்தை ஆணிக்குப் பதில் கொக்கி போல்ட் போட்டு முடுக்கினார்கள். சாரல் அடிக்கிற பக்கம் சுருட்டி வைக்கும் தார்ப்பாய்.

வாசல் காலில் ஒன்பதடியில் சிவப்புப் பெயின்ட் கோடு ஒன்று இருக்கிறது. மூட்டை அடுக்குகிறவர்கள் ஆறாவது வரிசைக்குக் கை வைக்கும்போது, அந்த அம்மா அதைக் காட்டி நிறுத்திவிடுகிறார்.