விளையாட்டு வண்டியும் கொழுந்துத் தராசும்

எமது வீட்டின் பின்னறையில் ஒரு கார் நிற்கிறது. சக்கரமில்லை, இயந்திரமில்லை, ஓரடிகூட நகராது. பழைய வேனொன்றின் இருக்கை, இரும்புக் குழாய்களை ஒட்டிச் செய்த சட்டம், கணினித் திரை, ஒரு ஸ்டியரிங், மூன்று மிதிகள், அவ்வளவே. காரோட்டப் பந்தயத்தை வீட்டிலிருந்தே பழகும் கருவி இது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து இதனைக் கட்டிமுடிக்க எமக்கு ஓராண்டு சென்றது.

"உழைக்கும் மக்களைப் பற்றிப் பேசும் ஆசிரியருக்கு இந்தப் பணக்கார விளையாட்டு எதற்கு?" என்று நண்பர்கள் கேட்டனர். நியாயமான கேள்விதான். நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றக் காரோட்டமும் தேயிலை மலை வளைவுகளிலேயே நடந்தது. கொழுந்து பறித்தவர்களுக்கு அதில் இடமிருக்கவில்லை. எமக்கும் கார் எட்டாக் கனியே. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய கார்களின் விலையும் மலையேறியது. 2025இல் தடை நீங்கியபோதும் வரிச்சுமை நீங்கவில்லை. ஆசை மட்டும் எஞ்சியது. அதை மறைப்பானேன்?

முதன்முதல் ஸ்டியரிங் எமது கையை எதிர்த்து இழுத்த மாலையை மறக்கமுடியாது. உள்ளேயுள்ள மோட்டார், சாலையில் டயர் படும் பாட்டைக் கைக்குச் சொல்கிறது. வளைவில் வேகம் மிஞ்சி முன்சக்கரம் பிடி தளரும்போது ஸ்டியரிங் சட்டென்று இலேசாகிவிடும். அந்த நொடியை உணரக் கற்றதே பெரும் இன்பம்.

துன்பமோ பிரேக்கில் இருந்தது. மலிவான மிதி, கால் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை மட்டுமே அளக்கும். உண்மைக் காரில் ஓட்டுநர் நம்புவது தூரத்தையன்று, அழுத்தத்தை. அதை அளக்க 'லோட் செல்' வேண்டும். பாரம் ஏறும்போது உலோகத் துண்டு மயிரிழையளவு வளைய, அதன்மேல் ஒட்டிய நுண்கம்பியின் மின்தடை மாறுகிறது. அமெரிக்காவில் 1938இல் இருவர் தனித்தனியே கண்ட உத்தி இது. மாத்தளை நகரின் பழைய இரும்புக்கடையில், உடைந்த மின்னணுத் தொங்குதராசு ஒன்றிலிருந்து அது எமக்குக் கிடைத்தது.

இலக்கணம் கற்பிக்கும் எமக்கு மின்னியல் புதிது. ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவன் ஒருவன் துணைக்கு வந்தான். மிதித்தால் கார் தாமதித்தே நின்றது. பெருக்கிச் சில்லு நொடிக்குப் பத்து முறையே அளந்துகொண்டிருந்தது. ஒரு முனையின் இணைப்பை மாற்றியதும் எண்பது முறை அளந்தது. வெயிலேறினால் பூச்சியம் நகர்ந்தது. நிறையைச் சரிபார்க்க, ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ என்னும் கணக்கில் போத்தல்களைத் தொங்கவிட்டோம். செய்நிரலில் ஓர் எண்ணைத் திருத்தியதும், பத்துப் போத்தல்கள் ஒன்பது கிலோவாயின.

அவன் வேலையை நிறுத்திவிட்டான்.

"சேர், இந்த எண்ணை மாத்தினா நிறையும் மாறுமா?"

"மாறும்."

"அம்மாட கொழுந்து நிறுக்கிறதும் இந்த மாதிரித் தராசுதான்."

நாம் பதில் சொல்லவில்லை. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாயாயிற்று. எனினும் சொன்ன நிறை எட்டாத நாளில் அவன் தாய்க்கு அரைப்பேர்தான். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று முதலிலேயே இரண்டு கிலோ கழிப்பார்களாம். அந்தத் தராசு பொய் சொல்கிறதென்று நாம் கூறவில்லை. அது எமக்குத் தெரியாது. நிறுக்கப்படுபவளுக்கும் தெரியாது என்பதுதான் கொடுமை. வணிகத் தராசுகள் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட்டு அரச முத்திரை பெறவேண்டும். அந்த முத்திரையைத் தேடிப் பார்க்கலாம் என்பதையும், பையைக் கொழுவுமுன் திரையில் பூச்சியம் நிற்கவேண்டும் என்பதையும் அவனுக்கு எழுதிக் கொடுத்தோம்.

அடுத்த ஞாயிறு செய்தி கொண்டுவந்தான். தாய் வரிசையில் நின்று, "பூச்சியத்தக் காட்டுங்க" என்று கேட்டாராம். கணக்கப்பிள்ளை முறைத்தாராம், ஆனாலும் காட்டினாராம். பின்னால் நின்ற மூவரும் அதையே கேட்டார்களாம். கழிவு இரண்டு கிலோ அப்படியே இருக்கிறது. அது தராசுக்குள் இருக்கும் பிழையன்று. அதைத் திருத்தத் திருப்புளி போதாது, வரிசை முழுவதும் பேசவேண்டும்.

எமது பிரேக்கும் இன்னும் முற்றாகச் சரியாகவில்லை. இப்போது ஞாயிறுகளில் ஐந்து மாணவர்கள் வருகிறார்கள். இருக்கையில் அமர்வதற்கு முன், ஒவ்வொருவரும் முதலில் பூச்சியத்தைப் பார்க்கிறார்கள்.