திறவாத கணினியும் அழியாத ஏடுகளும்

பெட்டகத்தின் பூட்டுப் பழுதுற்றால், அதனுள் இருக்கும் ஏடுகள் அழிந்துவிட்டன என எவரும் கொள்வதில்லை. ஆயின் இக்காலத்துப் பெட்டகமாகிய கணினி திறவாது நின்றால், கற்றாரும் மற்றாரும் ஒருங்கே கலங்குகின்றனர். கலக்கத்தால் விரைகின்றனர், விரைவினால், பழுது அழியாது விட்டதைத் தாமே அழித்துவிடுகின்றனர். இம்மலரை ஆக்கும் பணியில் இவ்வுண்மையை யாம் நேரிற் காண நேர்ந்தது. பிறர்க்கும் பயன்படும் என்னுங் கருத்தால் அதனை ஈண்டு எழுதுகின்றோம்.

மலருக்கென வந்த கட்டுரைகளும் பழைய நிழற்படங்களின் பிரதிகளும் கல்லூரிக் கணினி ஒன்றிலே தொகுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று ஏனையவற்றினும் அரியது. எண்பத்தாறு அகவை நிரம்பிய முன்னாள் ஆசிரியப் பெருந்தகை ஒருவர், கண்ணொளி குன்றிய நிலையிலும், பல மாலைப் பொழுதுகள் சொல்லச் சொல்ல, மாணவர் இருவர் தட்டெழுதிய நினைவுக் குறிப்புக்களே அவை. 2024ஆம் ஆண்டு ஆவணியில் அப்பெரியார் சிவபதம் எய்தினார். ஐப்பசியில், இடிமின்னலோடு மின்சாரம் தடைப்பட்டு மீண்ட ஒருநாட் பிற்பகல், அக்கணினி எழ மறுத்தது. விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது, திரையிற் புள்ளிகள் வட்டமிட்டன, பின்னர் யாவும் இருண்டு, மீண்டும் முதலிலிருந்து அதுவே நிகழ்ந்தது. ஏனைய கட்டுரைகளை எழுதியோரிடம் மீண்டுங் கேட்டுப் பெறலாம். பெரியாரிடம் இனிக் கேட்பதெங்ஙனம்?

கணினி திருத்துபவர் ஒருவரிடங் காட்டினோம். "ஃபோர்மட் செய்து புதிதாகப் போட்டால் ஒரு மணித்தியாலத்தில் ஓடும்" என்றார். உள்ளிருப்பவை என்னாகும் என வினவினோம். "அது போகுந்தான்" என்று விடை வந்தது. கணினியைப் பெற்றுக்கொண்டு திரும்பினோம்.

அன்றிரவு, கணினித் துறையிற் பணிபுரியும் எம் பழைய மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தோம். முன்னர் எம்மிடம் இலக்கணங் கேட்டவர், இப்பொழுது எமக்கு ஆசிரியரானார். "சேர், பதறவேண்டாம். எழும்பாதது பணிசெயல் முறைமை. கோப்புக்கள் வன்தட்டிலை இருக்கும். அதிலை புதிதாய் ஒன்றும் எழுதவிடாதேங்கோ" என்றார்.

அவர் விளக்கியதன் சாரம் இது. கணினியை எழுப்பி நடத்தும் பணிசெயல் முறைமை வன்தட்டின் ஒருபால் இருக்கின்றது. அது சிதைந்தாற் கணினி எழாது. ஆனால் வேறிடத்துப் பதிந்த கோப்புக்கள் பெரும்பாலும் அவ்வாறே கிடக்கும். அழிக்கப்பட்ட கோப்புங்கூட வன்தட்டிலிருந்து உடனே மறைவதில்லை. அதன் இடம் வெற்றிடம் எனக் குறிக்கப்படுமேயன்றி, மேலே பிறிதொன்று எழுதப்படும்வரை பழைய எழுத்து அடியில் நிற்கும். ஆதலின், உள்ளதை எடுக்குமுன் புதிதாய் நிறுவுதல், ஏட்டின் மேல் ஏடெழுதுதலை ஒக்கும்.

மறுநாள் உயர்தர வகுப்பு மாணவர் சிலர், வேறொரு கணினியின் துணையால் உபுண்டு என்னும் லினக்ஸ் முறைமையை ஒரு பென் ட்ரைவில் ஏற்றினர். எழாத கணினியில் அதனைச் செருகி, அதிலிருந்தே எழுமாறு பணித்தனர். நிறுவும் வழியை விடுத்து, நிறுவாமற் பார்க்கும் வழியைத் தேர்ந்தனர். சிறிது நேரத்தில் திரை ஒளிர்ந்தது. வன்தட்டை வாசிப்பதற்கு மாத்திரந் திறந்து, கோப்புக்கள் அனைத்தையும் வெளித்தட்டொன்றிற் பிரதி செய்தனர்.

பெரியாரின் கோப்பைத் திறந்தபோது எம் மகிழ்ச்சி மீண்டும் ஒடுங்கிற்று. தமிழ் எழுத்து ஒன்றேனும் இல்லை. ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் விரவிக் கிடந்தன. எனினும் அது சிதைவன்று. தட்டெழுதிய மாணவர் நம்மிடையே நெடுங்காலம் வழங்கிவரும் பாமினி எழுத்துருவைக் கையாண்டிருந்தனர். அவ்வெழுத்துரு, ஆங்கில எழுத்துக்களின் இடத்திலே தமிழ் வடிவங்களை அமைத்துக் காட்டுவது; அஃதில்லாத கணினியில் அடியிலுள்ள ஆங்கில எழுத்துக்களே தோன்றும். 1991இல் வெளிவந்த யூனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் வகுக்கப்பட்டுவிட்டது. அம்முறைக்கு மாற்றியதும், பெரியாரின் சொற்கள் அவர் பேசிய நடையிலேயே எம்முன் நின்றன. தட்டெழுதிய மாணவருள் ஒருவன் முதல் வரியை உரத்து வாசித்தான். நடுவே குரல் தழுதழுத்து நிறுத்தினான்.

எல்லாக் கணினிக்கும் இவ்வழி பொருந்தும் எனக் கொள்ளற்க. வன்தட்டினுள்ளே டக்கு டக்கென்னும் ஓசை எழுந்தால், உடனே மின்சாரத்தை நிறுத்தி, தரவு மீட்புத் துறையில் வல்லாரிடஞ் சேர்ப்பிக்க. இயக்குந்தோறுங் கேடு பெருகும். பிட்லொக்கர் கொண்டு பூட்டப்பட்டதாயின், 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். நலமாக இருக்கும்போதே அதனை எழுதி வேறிடத்து வைத்தல் நன்று. எஸ்.எஸ்.டி. வகையில், அழித்த கோப்பின் இடத்தை அச்சாதனமே விரைவில் வெறுமையாக்கிவிடுமாதலின், அழித்தபின் மீட்டல் மிக அரிது.

மீட்டலினுஞ் சிறந்தது முன்னரே படியெடுத்தல். இது தமிழர்க்குப் புதிதன்று. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இற் கலித்தொகையை அச்சேற்றுதற்குப் பல இடங்களிலிருந்தும் ஏட்டுப் பிரதிகளைத் தேடித் திரட்டினார்கள். ஓரேட்டிற் செல்லரித்த இடத்தைப் பிறிதோரேடு நிரப்பும். யாரோ ஒருவர் தம் வீட்டிலிருந்து படியெடுத்து வைத்தமையாலேயே பழைய நூல்கள் நம்மை வந்தடைந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது, வேறெங்கும் படியில்லாத சுவடிகள் சாம்பராயின. படியுள்ளவற்றை மீண்டும் வாங்கினோம். படியில்லாதவற்றை எங்கே வாங்குவது?

கணினி வல்லாரும் இதனையே கூறுகின்றனர்: படிகள் மூன்று வேண்டும், அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும், ஒன்று வேறோரிடத்தில் இருத்தல் வேண்டும். பெரியாரின் குறிப்புக்கள் இப்பொழுது கல்லூரி நூலகத்தில் ஒரு தட்டிலும், கொழும்பிலுள்ள பழைய மாணவர் ஒருவரிடம் மற்றொரு தட்டிலும் உள்ளன. மூன்றாம் படி, இம்மலரின் பிறிதொரு பக்கத்தில் அச்சாகியுள்ளது. வாசித்தபின் இதனை எறியாது பேணும் ஒவ்வோர் அன்பரும் அக்காவலிற் பங்காளராவர்.