அமெரிக்கா என்பது யார்?



கடல் கடந்து எடுக்கப்படும் முடிவு நம் வீட்டு அடுப்பு வரை வரும் என்பதை 2025இல் கொங்கு மண்டலம் கண்கூடாகக் கண்டது. இந்தியப் பொருள்களுக்கு 25 விழுக்காடு வரி விதித்த அமெரிக்க அதிபர் டிரம்ப், ரஷ்யாவிடம் நாம் எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி மேலும் 25 விழுக்காட்டைச் சேர்த்தார். ஆகஸ்ட் 27 முதல் 50 விழுக்காடு நடப்புக்கு வந்தது. திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கே செல்கிறது. ஆர்டர்கள் குறைந்தன. பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குச் செல்லும் நம் மஹல்லாவாசிகள் சிலருக்கு ஓவர்டைம் நின்றது.

அந்நாள்களில் நம் மத்ரஸாவில் ஒரு பிள்ளை கேட்டது: "ஹஜ்ரத், அமெரிக்காவுக்கு எங்க அத்தா மேல என்ன கோபம்?"

பெரியவர்களாகிய நாமும் இப்படித்தான் பேசுகிறோம். அமெரிக்கா என்பது ஒரே மனிதர், அவருக்கு ஒரே மனம் என்பது போல.

உண்மை வேறு. அந்நாட்டு அரசியல் சாசனப்படி வரி விதிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குரியது. அதிபரோ 1977ஆம் ஆண்டின் நெருக்கடிநிலைச் சட்டம் ஒன்றைக் கையிலெடுத்தார். அதை எதிர்த்து வழக்காடியவர்களும் அமெரிக்கர்களே: சிறு வணிகர்கள் சிலரும் 12 மாநிலங்களும். ஆகஸ்ட் 29 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 7க்கு 4 என்ற கணக்கில், அதிபர் தம் அதிகாரத்தை மீறினார் என்று தீர்ப்பளித்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றமே வழக்கை விசாரித்தது. திருப்பூரின் வயிற்றில் அடித்த கை அங்கே இருந்தது போலவே, அதைத் தடுக்க நீண்ட கைகளும் அங்கேயே இருந்தன.

ஊடகத்தின் பங்கை அறிய 2003ஆம் ஆண்டின் இராக் போர் போதும். பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக அரசு கூறியது. பெரும் பத்திரிகைகள் அதைப் போதிய ஆய்வின்றிப் பரப்பின. 2002 அக்டோபரில் இரு அவைகளும் போருக்கு ஒப்புதல் தந்தன. ஆயினும் கீழவையில் 133 பேரும் மேலவையில் 23 பேரும் எதிர்த்து வாக்களித்தார்கள். நியூயார்க் வீதிகளில் மக்கள் பெருந்திரளாகக் கூடிப் போர் வேண்டாம் என்றார்கள். ஆயுதங்கள் கிடைக்கவே இல்லை. 2004 மே மாதம் நியூயார்க் டைம்ஸ், தன் செய்திகள் சிலவற்றைப் போதிய கண்டிப்புடன் சரிபார்க்கவில்லை என ஒப்புக்கொண்டது. அதற்குள் எண்ணற்ற உயிர்கள் போய்விட்டன.

நம்பத்தகாதவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரியுங்கள். இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்துவீர்கள் என சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் எச்சரிக்கிறது. அந்தப் போர் இவ்வசனத்துக்குக் கண்முன் நிற்கும் விளக்கவுரை. வல்லரசுக்கு மட்டுமன்று, வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துப் பாராமல் அடுத்தவருக்கு அனுப்பும் நம் விரலுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

ஒரு சிலரின் செயலுக்காக ஒரு சமுதாயம் முழுவதும் குற்றவாளியாகப் பார்க்கப்படும் வேதனையை, 1998க்குப் பின் கோவை முஸ்லிம்களாகிய நாம் அனுபவித்தே அறிந்திருக்கிறோம். கோட்டைமேடும் உக்கடமும் ஒரே முகம் கொண்டவையாக எழுதப்பட்டபோது நாம் எவ்வளவு வருந்தினோம்! அதே அநீதியை இன்னொரு மக்களுக்கு நாம் இழைக்கலாமா? ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பும் நம்மை நீதியிலிருந்து வழுவச் செய்யக்கூடாது என்பதே சூரத்துல் மாயிதா தரும் பாடம்.

இதன் பொருள் அநீதியைக் கண்டு வாய்மூடி இருப்பதன்று. எந்த முடிவு, யார் எடுத்தது, யார் ஆதாயம் பெற்றார், யார் எதிர்த்தார் என்று பிரித்தறிந்து பேசினால்தான் நம் கண்டனத்துக்கு எடை உண்டாகும். நம் நாட்டிலும் அப்படியே. ஏற்றுமதியாளர்கள் குரல் எழுப்பினார்கள்; தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்; ஒன்றிய அரசு பஞ்சு இறக்குமதி மீதான 11 விழுக்காட்டு வரியைத் தற்காலிகமாக நீக்கியது. கேட்க வேண்டியவரிடம் கேட்பதற்கு அவர் யாரென்று தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பிள்ளைக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: "அமெரிக்காவுக்கு உன் அத்தா மேல் கோபமில்லை, கண்ணே. அங்கே சிலர் தவறாக முடிவு செய்தார்கள். வேறு சிலர் அதைத் தவறென்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்."

செய்தியை ஆராய்ந்து ஏற்கும் பக்குவத்தையும், பகைவரிடத்தும் நீதி தவறாத உள்ளத்தையும், உழைக்கும் நம் மக்களுக்கு ஹலாலான ரிஸ்கில் பரக்கத்தையும் அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.