திரும்பி வந்த ஹெரால்டு

தோழியரே, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று ஒரு கார் இருந்தது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் நாட்டில் கார் என்றால் மூன்றே மூன்று என்றிருந்த காலம் அது. அம்பாசடர் கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவிலிருந்து வந்தது. ஃபியட் பம்பாயிலிருந்து வந்தது. மூன்றாவதான ஹெரால்டு நம் ஊர்ப் பெண். தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் இடையே பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் பத்தாண்டு காலம் அதைச் செய்தார்கள். உருவம் வரைந்தவர் இத்தாலி நாட்டு மிக்கெலோட்டி. 948 சி.சி. எஞ்சின். ஆரம்பத்தில் இரண்டே கதவுகள். மற்ற இரண்டு கார்களுக்கும் கியர் ஸ்டியரிங்கின் பக்கத்தில் இருக்க, இதற்கு மட்டும் தரையில் இருந்தது. பானெட்டைத் திறந்தால் இரு பக்கத்து மட்கார்டுகளும் சேர்ந்து முன்புறமாகச் சாயும். முதலை வாய் பிளந்தாற்போல இருக்கும்! இருபத்தைந்து அடி அகலம் கிடைத்தால் வண்டியை ஒரே வீச்சில் திருப்பிவிடலாம்.

அப்படிப்பட்ட ஒரு 1967-ஆம் வருஷத்து ஹெரால்டை, எங்கள் தாத்தா 1975-இல் பழைய வண்டியாக வாங்கினார். அப்போது அவர் கல்பாக்கம் அணுமின் நிலையக் கட்டுமானத்தில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் போர்மேன். அந்தக் காரில்தான் குடும்பமே வேளாங்கண்ணிக்குப் போய் வந்தது. எல்லோரும் எப்படி அடங்கினீர்கள் என்று பாட்டியிடம் கேட்டேன். "அடங்கலேடி, அமுக்கினோம்" என்றார்.

1988-இல் அத்தைக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. பணம் கட்ட ஒரு வாரமே தவணை. தாத்தா யாரிடமும் கடன் கேட்கவில்லை, காரை விற்றுவிட்டார். அத்தை அன்று அழுததாகப் பாட்டி சொல்வார். "நான் அழவே இல்லை" என்று அத்தை இன்றும் மறுப்பார். எது உண்மையோ, கார் எண்ணை மட்டும் அவர் தம் ஜெபப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். அதை நானே பார்த்திருக்கிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்த்துவிட்டு, 2022-இல் அத்தை ஊர் திரும்பினார். எல்லோரும் வீட்டுமனை வாங்கச் சொன்னார்கள். அவரோ கார் தேடப் புறப்பட்டார். இது ஒன்றும் விசித்திரமில்லை. டெண்டுல்கரே தாம் முதன்முதலில் வாங்கிய மாருதி 800 எங்கே இருக்கிறதோ, திரும்பக் கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று 2020-இல் சொன்னார். அவருக்கு வெளியில் சொன்னால் நாடு முழுதும் கேட்கும். அத்தைக்கு இருந்ததெல்லாம் பழைய மெக்கானிக்குகள்தான். செங்கல்பட்டில் ஒருவர், அவர் சொல்லித் திண்டிவனத்தில் ஒருவர் என்று தேடி, கடைசியில் மதுராந்தகம் அருகே ஒரு நெல் மில் கொட்டகையில் கார் அகப்பட்டது. பின் சீட்டில் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. சேஸிஸ் எண்ணை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, ஆர்.சி. புத்தக நகலோடு ஒத்துப் பார்த்துவிட்டே அத்தை விலை பேசினார். அன்று விற்ற விலையைப்போல் நாலு மடங்கு!

அதன்பின்தான் வீட்டில் வாதம் தொடங்கியது. அப்பாவுக்கு ஏ.சி. வேண்டும், அலாய் வீல் வேண்டும். மெக்கானிக் அண்ணன் இன்னும் ஒரு படி மேலே போனார்: "இந்த எஞ்சினுக்கு சாமான் கிடைக்காது அக்கா. மாருதி எஞ்சினைத் தூக்கி வெச்சா ரோதனை விட்டுது." நியாயமான யோசனைதான். செலவும் குறைவு. ஆனால் தாத்தாவுக்கு இரண்டு கண்ணும் கிளாக்கோமாவால் போய்விட்டன. காரை அவர் இனி அறிய வேண்டுமானால் காதாலும் கையாலுமே அறிய வேண்டும். "சத்தம் மாறக்கூடாது. கியர் மாறக்கூடாது. மத்ததெல்லாம் பேசலாம்" என்று அத்தை முடிவாகச் சொன்னார்.

சட்டமும் ஒரு கேள்வியை முன்வைத்தது. 2021 ஜூலையில் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஐம்பது ஆண்டு கடந்த காரை 'வின்டேஜ்' என்று பதிந்துகொள்ளலாம். கட்டணம் இருபதாயிரம் ரூபாய். எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஆனால் அந்தக் காரைக் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாமே தவிர, நித்தியப்படி ஓட்டக்கூடாது. பாட்டியைக் கோயிலுக்கு அழைத்துப் போக முடியாத கார் எதற்கு? ஆகவே பழைய பாக்கி, அபராதம், பசுமை வரி எல்லாம் கட்டி, தகுதிச் சோதனைக்குக் காட்டிச் சாதாரணப் பதிவையே புதுப்பித்தார். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எத்தனை நடை நடந்தார் என்பதைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுதவேண்டும்.

வேலை ஒன்பது மாதம் நடந்தது. கடலோரத்து உப்புக் காற்றில் தாத்தா காலத்திலேயே அடித்தகடு அரித்திருந்ததாம். இங்கே ஒரு சுவாரஸ்யம் உண்டு. இங்கிலாந்தில் ஹெரால்டைத் திட்டமிட்டபோது, அவர்களுக்குக் காரின் உடல் செய்து தந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. வேறு வழியின்றிப் பல பட்டறைகளில் தகடுகளைத் தனித்தனியே செய்து, சேஸிஸ்மேல் போல்ட் போட்டுப் பூட்டினார்கள். அன்று அவர்களுக்கு வந்த சங்கடம் இன்று எங்களுக்கு வசதியாயிற்று. அரித்த பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி டிங்கரிங் செய்ய முடிந்தது.

எஞ்சினுக்குள்ளும் மாற்றம் உண்டு, வெளியே தெரியாது. அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். அது வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டோடு அந்தப் பெட்ரோல் நின்றுவிட்டது. எனவே லேத் பட்டறையில் கொடுத்து, கெட்டியான வால்வு சீட்டுகளைப் பதித்தார்கள். இப்போது பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலந்து வருகிறது. அது பழைய ரப்பரை இளக்கிவிடும் என்பதால் குழாய்கள் அத்தனையும் புதிது. டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. முன்பு இல்லாத சீட் பெல்ட் வந்தது. பாட்டியின் முழங்காலுக்காக முன் சீட்டை நாலங்குலம் பின்னே தள்ளி, பிடித்து எழ ஒரு தோல் வாரும் மாட்டினார் அத்தை. ஏ.சி. வரவில்லை. அப்பா இரண்டு நாள் பேசவில்லை.

பங்குத்தந்தை வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். டாஷ்போர்டில் பிரயாணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்தோபர் படம் ஒட்டியாயிற்று. முதல் பிரயாணம் அச்சிறுபாக்கம் மழைமலை மாதா கோயிலுக்கு. அத்தை ஓட்ட, பாட்டி முன்னால். தாத்தாவும் நானும் பின்னால். சதுரங்கப்பட்டினம் தாண்டும்வரை தாத்தா வாயே திறக்கவில்லை. அத்தை மூன்றாவது கியரைப் போட்டபோது, "கொஞ்சம் சீக்கிரம் போட்டுட்டம்மா" என்றார். அதன்பிறகு மலையடிவாரம்வரை ஒவ்வொரு கியருக்கும் அவர் வாயால் ஒரு உத்தரவு வந்தது. அத்தையும் சொன்னபடியே போட்டார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். பாட்டி சொன்னதுதான் உண்மையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

இன்னும் சில குறைகள் உண்டு. மழை பெய்தால் முன்கண்ணாடி ரப்பர் வழியே பாட்டியின் மடியில் சொட்டும். பின்விளக்குக் கண்ணாடி ஒன்று உடைந்ததற்கு ஜோடி கிடைக்கவில்லை. ஹாரனைப் பொறுத்தவரை தாத்தா திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார்: "இது நம்ம ஹாரன் இல்லை." பழைய ஹாரனுக்காக அத்தை சென்னை புதுப்பேட்டைக் கடைகளில் சொல்லி வைத்திருக்கிறார். உங்கள் வீட்டுக் கொட்டகையில் எங்கேனும் கிடந்தால் எனக்குச் சொல்லுங்கள்.