வெள்ளையாகத் தெரியாத ரத்தம்

ரத்தம் வெள்ளையாகத் தெரியும் என்பதைப் பயிற்சிக்கு வரும் மாணவருக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம். தலைக்காயத்தோடு வருகிறவர்களின் சி.டி.யில் நிறையப் படங்களுக்கு அது போதும். மிச்சப் படங்களுக்காகத்தான் ராத்திரி முழுக்க ஒரு ரேடியாலஜிஸ்டை உட்கார வைத்திருக்கிறார்கள்.

சி.டி. காட்டும் கறுப்பும் வெள்ளையும் அடிப்படையில் எண்கள். தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, கெட்டி எலும்பு ஆயிரமும் அதற்கு மேலும். 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்த கருவியை வடிவமைத்தவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். அந்த எண்களுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். மூளையின் வெண்பகுதி முப்பதுக்குள், சாம்பல் பகுதி நாற்பதுக்குள், புதிதாக உறைந்த ரத்தம் 60, 70. இத்தனை நீளமான அளவுகோலில் எங்கள் பிழைப்பு இந்தச் சின்னத் துண்டுக்குள் நடக்கிறது. அதனால்தான் திரையில் விண்டோவை, அதாவது கறுப்பிலிருந்து வெள்ளை வரை காட்டும் எண்களின் எல்லையை, மாற்றிக்கொண்டே இருக்கிறோம்: மூளைக்கு ஒன்று, எலும்பை ஒட்டிய மெல்லிய ரத்தத்துக்குக் கொஞ்சம் அகலமாக ஒன்று, எலும்புக்கு மிக அகலமாக ஒன்று. ஒரே விண்டோவில் பார்த்துவிட்டு ‘நார்மல்’ என்று எழுதுகிறவர் படத்தில் ஒரு பங்கைத்தான் பார்த்திருக்கிறார்.

நெற்றிப்பொட்டில் எலும்பு மெலிந்திருக்கும். அங்கே விரிசல் விட்டால் உட்புறம் ஒட்டி ஓடும் தமனி கிழிந்து, எலும்புக்கும் டியூரா உறைக்கும் நடுவே ரத்தம் லென்ஸ் வடிவில் சேரும். பைக்கிலிருந்து விழுந்து, நன்றாகப் பேசிக்கொண்டே வந்து, சற்று நேரத்தில் மயங்கிப்போகிற ஆள் பெரும்பாலும் இவர்தான். இதைக் கண்டுபிடிக்க யாரும் கஷ்டப்பட வேண்டாம். போனை எடுப்பதுதான் அப்போது என் வேலை. நியூரோ சர்ஜன் கேட்பது எத்தனை மில்லி, நடுக்கோடு எவ்வளவு தள்ளியிருக்கிறது, மூளைக்கு அடியில் நீர் தேங்கும் சிஸ்டர்ன்கள் திறந்திருக்கின்றனவா என்பதுதான். 30 மில்லிக்கு மேல் என்றால், நோயாளி விழித்துக்கொண்டிருந்தாலும் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த நேரத்தில் உட்கார்ந்து ரிப்போர்ட் டைப் அடித்துக்கொண்டிருப்பது மடத்தனம்.

கஷ்டமான படங்கள் சத்தம் போடாமல் வரும். எழுபத்தெட்டு வயதுப் பெரியவர். சீட்டில் எழுதியிருப்பது ‘நடை தள்ளாட்டம், மறதி, ஒரு வாரமாக’. படத்தில் வெள்ளையாக எதுவும் இல்லை. நடுக்கோடு நடுவில்தான் இருக்கிறது, இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கின்றன. மூன்று மணி டியூட்டியில் இருக்கும் பி.ஜி. மாணவர் ‘நார்மல்’ என்று எழுதப் போவார். நான் அவரிடம் கேட்பது, ‘பெரியவருக்கு வயசு என்ன?’ இந்த வயதில் மூளை சுருங்கியிருக்க வேண்டும். மேற்பரப்பின் மடிப்புகள் விரிந்து, எலும்பு வரைக்கும் கறுப்பு வரிகள் ஓட வேண்டும். இவருக்கோ இருபது வயதுப் பையனின் மூளை மாதிரி மண்டை நிறைய இருக்கிறது. மடிப்புகள் எலும்புக்கு ஒரு விரற்கடை முன்பே நின்றுவிடுகின்றன, வெண்பகுதி உள்ளே ஒடுங்கிக் கிடக்கிறது. எலும்புக்கும் அந்த மடிப்புகளுக்கும் நடுவில் மூளை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த சாம்பல் பட்டை, இரண்டு பக்கமும் ரத்தம். கசிந்த ரத்தம் நாளாக ஆக நிறம் இறங்கி, ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் மூளையின் நிறத்துக்கே வந்துவிடும். இரண்டு பக்கமும் சம அளவில் அழுத்துவதால் நடுக்கோடும் நகராது.

வெளியே நிற்கும் மகளிடம் கேட்டால் முதலில் ‘விழவே இல்லையே டாக்டர்’ என்பார். கொஞ்சம் பொறுத்து, ‘போன மாசம் நிலைப்படியில தலையை இடிச்சுக்கிட்டாரு, அது சும்மா லேசா…’ என்று இழுப்பார். இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டால், ‘ரத்தம் உறையாம இருக்க ஒண்ணு குடுத்திருக்காங்க.’ இந்த இரண்டு வரியும் சீட்டில் இருந்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். மண்டையில் துளை போட்டு அந்தப் பழைய ரத்தத்தை வடித்துவிட்டால் இப்படிப்பட்டவர்களில் பலர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். மறதிக்கு மருந்து எழுதி அனுப்பியிருந்தால் போக மாட்டார்கள்.

புது ரத்தமும் எல்லோருக்கும் வெள்ளையாக இருந்தாக வேண்டும் என்றில்லை. அந்த வெண்மை ஹீமோகுளோபினின் புரதத்தால் வருவது. இரும்புச்சத்தால் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. ஹீமோகுளோபின் ஏழு, எட்டு என்று ரத்தச்சோகையில் கிடப்பவருக்கு இன்று கசிந்த ரத்தம்கூட மங்கலாகத் தெரியலாம். நம் ஊரில் இதை மறக்கவே கூடாது.

ஸ்ட்ரோக் படத்தில் முதல் சில மணி நேரம் தேடுவதெல்லாம் காணாமல் போனவற்றைத்தான். நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம், ரத்தக்கசிவு மட்டும் இருக்கக் கூடாது. ‘கசிவு இல்லை’ என்று சொன்னதும் எதிர்முனையில் போனை வைத்துவிடுவார்கள். ஆனால் என் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. விண்டோவை 40 அகலத்துக்குக் குறுக்கி, மூளையின் இன்சுலா என்ற பகுதியின் ஓரத்தில் சாம்பல் ரிப்பன் இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஒரு பக்கம் அந்த ரிப்பன் வெண்பகுதியோடு கரைந்திருந்தால் அங்கே மூளை சாகத் தொடங்கிவிட்டது. அதன் பக்கத்திலேயே நடு மூளைத் தமனி ஒரு வெள்ளைக் கோடாகத் துருத்திக்கொண்டிருந்தால் கட்டி இருக்கும் இடமும் தெரிந்துவிட்டது.

பிரசவம் முடிந்து பத்து நாள் ஆன பெண் தலைவலி, வலிப்போடு வந்தால் நான் மூளையைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் ரத்தம் வடிந்து வெளியேறும் சைனஸ்கள். பச்சை உடம்புக்காரிக்கு ரத்தம் உறையும் போக்கு ஏற்கெனவே கூடுதல். பத்தியம் என்று தண்ணீரையும் அளந்து கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பின்மண்டையில் முக்கோண வடிவில் வெள்ளை தெரிந்தால் கான்ட்ராஸ்ட் கொடுத்து வெனோகிராம் எடுக்கச் சொல்லிவிடுவேன். ‘டெலிவரி ஆகி எத்தனை நாள்’ என்பதைச் சீட்டில் எழுதாமல் ‘வலிப்பு’ என்று மட்டும் எழுதி அனுப்புகிறவர்கள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு.

தலைக்குப் படம் கேட்டால் கழுத்து வராது. பனையிலிருந்து, தென்னையிலிருந்து விழுந்தவர்கள், நெற்றியில் அடிபட்ட முதியவர்கள், குடிபோதையில் வலியே சொல்லத் தெரியாதவர்கள் எல்லோருக்கும் மேசையை விட்டு இறக்குவதற்குள் கழுத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்வேன். இரண்டாம் கழுத்தெலும்பின் பல் போன்ற முனை குறுக்காக உடைந்தால், முறிவும் படத்தின் வெட்டும் ஒரே வாட்டத்தில் போகும். குறுக்குவெட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறவருக்கு அது தெரியாமலே போகலாம். அதே படத்தைப் பக்கவாட்டிலும் முன்னிருந்தும் வெட்டிப் பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

கழுத்தில் எனக்குப் பிடித்தமான வேலை மீன் முள். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் உணவுக்குழாயைத் துளைத்த முள் பின்தொண்டை இடைவெளியில் சீழ் கட்டச் செய்து, அது நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. எக்ஸ்ரேயில் பல முட்கள் தெரிவதில்லை. சி.டி.யிலும் 5 மி.மீ. தடிமனில் எடுத்தால் சுற்றியுள்ள சதையோடு சராசரியாகி முள் மறைந்துவிடும். அதனால் தின் கட் வராமல் ‘முள் இல்லை’ என்று நான் கையெழுத்துப் போடுவதில்லை. அதையும் டெக்னீஷியனிடம் உடனே கேட்க வேண்டும். கூட்டம் அதிகமான நாளில் கன்சோலில் இருக்கும் மூல டேட்டாவை அடுத்தடுத்து வரும் நோயாளிகளுடையது அழித்துவிடும். நாற்பதைத் தாண்டியவர்களின் குரல்வளைக் குருத்தெலும்பு அங்கங்கே சுண்ணாம்பு படிந்து முள் மாதிரியே நிற்கும். மறுபக்கத்தில் அதே இடத்தில் அதற்கு ஜோடி இருந்தால் பெரும்பாலும் அது குருத்தெலும்புதான். ஜோடி இல்லாமல், உணவுக்குழாயின் குறுக்கே படுத்திருக்கும் ஒற்றைக் கோடுதான் எனக்கு வேண்டியது. எந்த முள்ளெலும்பின் மட்டத்தில், எந்தப் பக்கம் முனை நீட்டியிருக்கிறது, குழாய்க்கு வெளியே காற்று இருக்கிறதா, கரோட்டிட் தமனிக்கு எவ்வளவு தூரம் என்பதெல்லாம் ஈ.என்.டி. டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

வருகிறவர்கள் எல்லோரும் அதற்குள் இரண்டு சோற்று உருண்டையும் ஒரு வாழைப்பழமும் விழுங்கிவிட்டுத்தான் வருவார்கள். முள் குத்துகிறது என்று விரலால் காட்டும் இடத்தில் இப்போது கீறல் மட்டும்தான் இருக்கும், முள் அதற்குக் கீழே போயிருக்கும். ஆகவே தொண்டையோடு நிறுத்தாமல், மார்பெலும்பின் மேல்விளிம்பைத் தாண்டி எடுக்கச் சொல்வேன்.