பெற்றவள் ஊற்றிய தண்ணீர்

மாத்தளை முத்துமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு இரத்தோட்டை பஸ்ஸில் ஏறினேன். கொக்கோ, மிளகு, இறப்பர் என வழிநெடுகத் தோட்டங்கள். மேலே ஏற ஏறத் தேயிலை. 2019 ஆம் ஆண்டு. ஒரு தோட்ட லயத்தில் நடந்த சடங்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

1977, 1983 இனக்கலவரங்களின் பின் மலையகக் குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடம்பெயர்ந்தன. அந்த அக்காவின் பெற்றோரும் அப்படிப் போனவர்கள்தான். 2009 இல் வன்னியில் கணவரை இழந்தபோது அக்காவின் மகளுக்கு இரண்டு வயது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தோட்டத்திலிருந்த தன் சித்தியிடம் வந்து சேர்ந்தார்.

மகள் பெரியபிள்ளையாகிப் பதினாறாம் நாள். பிட்டு அவித்தது, உளுந்தங்களி கிண்டியது, சீட்டுப் பிடித்துச் சேலை எடுத்தது எல்லாம் தாய்தான். ஆனால் தண்ணீர் வார்க்கும் நேரம் வந்ததும், "சுமங்கலிகள் வாங்க" என்று ஒரு குரல் கேட்டது. அக்கா சத்தமில்லாமல் குசினிக் கதவோரம் ஒதுங்கினார். பலகையில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் கண்கள் அம்மாவையே தேடின.

சித்திதான் எழுந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். "பன்னெண்டு வருஷமா தண்ணி ஊத்தி வளத்தவ அவதானே. இன்னைக்கி மட்டும் ஆகாதாக்கும்? வா புள்ள, ஒங் கையால ஊத்து" என்றார். இரண்டொருவர் முணுமுணுத்தனர். யாரும் தடுக்கவில்லை. தாய் ஊற்றிய முதல் சொம்புத் தண்ணீரில் பிள்ளையின் கண்ணீரும் கலந்து ஓடியது.

திரும்பி வரும்போது, முன்பு படித்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. யூதர்களிடம் பெண்பிள்ளை 12 வயதில் பொறுப்புள்ளவளாக எண்ணப்படுகிறாள். அதற்கான சடங்கை 'பாத் மிட்ஸ்வா' என்பார்கள். 'கட்டளையின் மகள்' என்று பொருள். ஆனால் சபை நடுவே வேதம் வாசிக்கும் உரிமை நெடுங்காலம் ஆண்பிள்ளைக்கே இருந்தது. 1922 மார்ச் 18 இல் நியூயோர்க்கில் மொர்தக்காய் கப்லான் என்ற மதகுரு, தம் 12 வயது மகள் ஜூடித்தை வாசிக்க வைத்தார். பாட்டிமார் இருவருக்கும் அது பிடிக்கவில்லையாம். இன்று பல யூத சபைகளில் அது சாதாரண வழக்கம்.

அங்கே பாட்டிமார் தயங்கினார்கள். இங்கே பாட்டி முறையான ஒருவர்தான் வழிவிட்டார். எங்கேயானாலும் வழக்கம் மாறுவது ஒரு வீட்டுக்குள்ளிருந்துதான்.

சகோதரிகளே, போர் நம்மில் பலரைக் கதவோரத்தில் நிறுத்திவிட்டது. நீங்கள் போகும் சடங்கு வீட்டிலும் அப்படி ஒரு தாய் ஒதுங்கி நின்றால், சொம்பை அவர் கையில் கொடுங்கள்.