காத்தாடிக்கு அடியில் கிடந்த கருடன்

எங்கள் ஊர் ராதாபுரம் பக்கம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று, வைகாசியில் தொடங்கினால் புரட்டாசி வரை எங்களைச் சும்மா விடாது. வாழைக்கு முட்டுக் கொடுத்தே பாதி ஆயுள் போய்விடும். அந்தக் காற்றுதான் 1990-களில் காற்றாலைக்காரர்களை இங்கே கூட்டிவந்தது. அப்போது என் அப்பா, 60 சென்ட் தரிசை ஒரு கம்பெனிக்கு விற்றார். அந்தப் பணத்தில்தான் மிச்ச நிலத்துக்கு போர் போட்டோம். அக்கா கல்யாணமும் நடந்தது. அதனால் காத்தாடியைத் திட்டும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் நாக்கு கூசும்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஆனி மாதத்தில் ஒருநாள் ஆடு பத்திக்கொண்டு போனபோது, அந்தக் காத்தாடியின் அடியில் ஒரு கருடன் செத்துக் கிடந்தது. வெள்ளை நெஞ்சு, செங்கல் நிற முதுகு. ஒரு இறக்கை தோளோடு பிய்ந்து நாலடி தள்ளிக் கிடந்தது. வானத்தில் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற பறவை. அதை மண்ணில் அப்படிப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கலெக்டருக்கு மனு எழுத உட்கார்ந்தேன்.

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "மனு எழுதுறது எழுது. முந்தாநேத்து செத்த ஆட்ட எங்கல கொண்டு போட்ட?"

"காத்தாடி பக்கத்துத் தரிசுலதான்."

"பெறவு? தீனி போட்டுக் கூப்பிட்டது நீ. வந்தத அடிச்சது அது."

எனக்குப் பதில் வரவில்லை. ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆடு செத்தாலும் மாடு செத்தாலும், கோழிக்கடைக் கழிவானாலும், ஆள் நடமாட்டம் இல்லாத காத்தாடித் தரிசுதான் குப்பைமேடு. பருந்துக்கு அது சாப்பாட்டுக் கடை.

அதன்பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் விசாரித்தேன், படித்தேன். கீழே இருந்து பார்த்தால் காத்தாடி சோம்பேறித்தனமாகச் சுற்றுவதுபோலத் தெரியும். ஆனால் இறக்கையின் நுனி மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போகிறது. பக்கத்தில் போனால் நுனி கண்ணுக்கே தெரியாமல் மங்கிவிடும். பருந்து இரை தேடும்போது கண் தரையில்தான் இருக்கும். முன்னால் என்ன வருகிறது என்று பார்க்காது. மேலே பார்த்துப் பறக்க அதற்குத் தேவையே இருந்ததில்லையே, வானத்தில் அதுவரை என்ன இருந்தது?

புறா வருஷத்துக்குப் பலமுறை குஞ்சு பொரிக்கும். கருடன் வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு, மூன்று முட்டைதான் இடும். அதில் ஒன்று பிழைத்தால் பெரிது. அதனால் ஒரு கருடன் போவதும் பத்துப் புறா போவதும் ஒன்றல்ல.

அடிபட்டுச் சாவது மட்டும்தான் சேதம் என்றும் இல்லை. மகாராஷ்டிராவில் சதாரா மாவட்டத்தின் சால்கேவாடி மேட்டுநிலத்தில் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. காற்றாலை இருக்கும் இடத்தில், இல்லாத இடத்தைவிட வேட்டைப் பறவைகள் நாலில் ஒரு பங்குதான் இருந்தனவாம். பிடித்துத் தின்ன ஆள் இல்லாததால் அங்கே ஓணான் பெருகிவிட்டது. அதைப் படித்தபோது எனக்கு ஓணான் ஞாபகம் வரவில்லை. என் கடலைக்காட்டு எலிதான் ஞாபகம் வந்தது.

எலியைப் பற்றிச் சொன்னால் இன்னொரு தப்பையும் சொல்ல வேண்டும். எங்கள் பழைய மோட்டார் ரூம் பரணில் ஒரு ஜோடி கூகை இருந்தது. கூகை அலறினால் ஊரில் சாவு விழும் என்பார்கள். அதனாலேயே கல்லெறிந்து விரட்டுகிற ஆட்களும் உண்டு. நான் எறிந்ததில்லை. ஆனால் கடலை காய் பிடிக்கும் நேரத்தில் எலித்தொல்லை தாங்காமல், கடையில் வாங்கிய மருந்து கேக்கை வளைதோறும் வைத்தேன். அந்த மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. உள்ளுக்குள்ளே ரத்தம் உறையாமல் கசிந்து, சில நாள் தள்ளாடித்தான் சாகும். தள்ளாடுகிற எலியைத்தான் கூகை சுலபமாகப் பிடிக்கும். பத்தாவது நாள் மோட்டார் ரூம் வாசலில் ஒரு கூகை கிடந்தது. மூக்கோரம் ரத்தம். அதை அறுத்துப் பார்த்துச் சொல்ல இங்கே ஆள் இல்லை. எனக்கு யாரும் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. மற்றது நாலைந்து இரவு தனியாகக் கத்திவிட்டுப் போய்விட்டது. அடுத்த போகத்தில் எலி முன்னைவிட அதிகம். இதற்கு யார் மேல் மனு எழுதுவது?

அன்றிலிருந்து செத்த ஆடு, கோழியை வெளியே போடுவதில்லை. கிணறு, ஓடைக்குத் தள்ளி ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவி மூடிவிடுகிறேன். மருந்து கேக்கை விட்டுவிட்டுப் பொறியும் கிட்டியும் வைக்கிறேன். வரப்பைக் குறுகலாக்கி வளை தோண்ட இடம் குறைத்தேன். கடலைக்குள் 'டி' வடிவில் குச்சிகள் நட்டிருக்கிறேன். பகலில் கரிச்சான் உட்கார்ந்து புழு பிடிக்கிறது; ராத்திரியில் எங்கிருந்தோ ஒரு ஆந்தை வருகிறது. ஆனால் இந்தக் குச்சியை மின்கம்பிக்குப் பக்கத்தில் நடக்கூடாது. பெரிய பறவை இரண்டு கம்பியை ஒரே நேரத்தில் தொட்டால் கருகிவிடும். எங்கள் பக்கம் மயில் அப்படிச் சாவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதனால் கம்பெனிக்காரர்களுக்குப் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடாது. நார்வே நாட்டில் ஸ்மோலா என்ற தீவில் மூன்று இறக்கைகளில் ஒன்றுக்கு மட்டும் கறுப்புப் பெயின்ட் அடித்துப் பார்த்தார்கள். அந்தக் காத்தாடிகளில் அடிபட்ட பறவைகள் 70 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்தன. நாலே காத்தாடியில் செய்து பார்த்ததுதான்; ஆனாலும் ஒரு டப்பா பெயின்டில் இவ்வளவு முடியும் என்றால் இங்கேயும் செய்து பார்க்கலாமே. எங்களிடமிருந்து அதிக தூரமில்லாத கூந்தன்குளத்தில், வீட்டு மரத்தில் கூடு கட்டும் நாரைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள் ஊர் மக்கள். சாதாரண சனங்களால் அது முடிகிறது.

மனுவை நான் கிழித்துப் போடவில்லை. திருத்தி எழுதினேன். கம்பெனி செய்ய வேண்டியவை முதலில். எங்கள் ஊரில் யாரும் காத்தாடித் தரிசில் கழிவு கொட்டக்கூடாது, அதற்குப் பஞ்சாயத்து குழி ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது இரண்டாவதாக. கையெழுத்துக் கேட்டுப் போனபோது முதல் பகுதிக்கு எல்லோரும் சரி என்றார்கள். இரண்டாவதைப் படித்ததும் பாதிப் பேர், "அப்புறம் பாக்கலாம் அண்ணாச்சி" என்றார்கள். இதுவரை விழுந்தது 31 கையெழுத்து.

காத்தாடி ஓரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் உங்கள் ஊரில் செத்த ஆடு, மாட்டை என்ன செய்கிறீர்கள்? ஊரே சேர்ந்து நல்ல ஏற்பாடு எதுவும் செய்திருந்தால், இந்த இதழுக்கு எழுதுங்கள். மிச்சக் கையெழுத்து வாங்க எனக்கு அது உதவும்.